டோபியஸ் லம்லியும் ஒன்பதுகளும்

டோபியஸ் லம்லி ஒரு இடத்தில் உட்கார்ந்து பார்த்தவர்கள் கடிகாரத் தொழிலாளிகள் வாழும் எங்கள் கிளர்க்கன்வெல்லில் யாரும் கிடையாது. நின்றுகொண்டே சாப்பிடுவான். சர்ச்சில் பிரசங்கம் நடக்கும்போது எழுந்து வெளியே போய் வருவான். பாதிரியார் முதலில் கோபப்பட்டார், பிறகு அவனுக்குக் கதவோரத்தில் ஓர் இடத்தை ஒதுக்கிக் கொடுத்துவிட்டார். சவரக்கடையில் கத்தி கன்னத்தில் இருக்கும்போதே தெருவில் போகும் வண்டிச் சக்கரத்தைத் திரும்பிப் பார்த்து, ரத்தக் காயத்தோடு வீடு வந்தவன். காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவன் என்று அவனைப் பெற்றவளே சொல்லியிருக்கிறாள். நல்லவன்தான், குற்றம் சொல்ல மாட்டேன். ஆனால் அவனோடு கொஞ்ச நேரம் இருந்தால் நமக்கும் கால் துடிக்க ஆரம்பித்துவிடும்.

அப்பா ரொட்டி சுடுபவர். மகன் மாவைப் பிசையாமல் மாவு அரைக்கும் ஆலைக்கு ஓடிப்போய்ப் பற்சக்கரத்தையே பார்த்துக்கொண்டு நின்றதால், சரி, இவன் போகிற வழியிலேயே விடுவோம் என்று கடிகாரச் சக்கரம் வெட்டுகிற ஒருவரிடம் தொழில் பழக அனுப்பினார். எங்கள் ஊரில் யாரும் முழுக் கடிகாரம் செய்வதில்லை. ஒரு வீட்டில் சக்கரம் வெட்டுவார்கள், அடுத்த சந்தில் அதற்கு அச்சு பொருத்துவார்கள், இன்னொரு மாடியில் ஸ்பிரிங், வேறொரு வீட்டில் முகப்பு. ஒவ்வொன்றும் யாருடைய சட்டைப் பையிலாவது கிடந்து, சந்து சந்தாக அலைந்து, கடைசியில்தான் கடிகாரம் ஆகும். சக்கரம் வெட்டுகிறவன் சாகும்வரை சக்கரம் வெட்டுவான். அது எந்தக் கடிகாரத்தில் ஓடுகிறது என்று கேட்க மாட்டான். டோபியஸ் கேட்டான். தான் வெட்டிய சக்கரத்தின் பின்னாலேயே வீடு வீடாகப் போய், அங்கே என்ன செய்தார்கள், இங்கே எப்படி மாட்டினார்கள் என்று எட்டிப் பார்த்துவிட்டு வருவான். அதற்காக எஜமானிடம் அவன் வாங்கிய அறைகளுக்குக் கணக்கே இல்லை.

தொழில் பழகி முடிந்ததும் ஆற்றின் தென்கரையில் ஒரு பெரிய பட்டறையில் சேர்ந்தான். அங்கே ஒரு கனவான், தானாகவே கணக்குப் போடும் இயந்திரம் ஒன்றைச் செய்வித்துக்கொண்டிருந்தார். ஆள் உயரத்துக்குப் பித்தளைச் சக்கரங்கள் அடுக்கடுக்காக நிற்கும். கைப்பிடியைச் சுற்றினால் போதும், கூட்டலில் தப்பே வராது என்றார்கள். கனவான் காலையில் ஒரு வரைபடம் கொடுப்பார், சாயங்காலம் அதைவிட நல்லதாக இன்னொன்று கொண்டுவருவார். காலையில் வெட்டியதெல்லாம் குப்பைக்குப் போகும். மற்றவர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். டோபியஸ் மட்டும் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தான். தன்னைப் போலவே நிலைகொள்ளாத மனிதர் ஒருவர் உலகத்தில் இருக்கிறார், அதுவும் வண்டி குதிரையோடு வசதியாக இருக்கிறார் என்பது அவனுக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. ஒருநாள் வேலை நின்றது. இயந்திரம் பாதியில் கிடந்தது. எல்லோரும் கூலியை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். இவன் அந்த வியாதியையும் சேர்த்து வாங்கிக்கொண்டு வந்தான்.

திரும்பி வந்த வருஷமே கெசையாவைக் கட்டினான். அவள் முகப்பு எழுதுகிறவள். வெள்ளை எனாமல் தகட்டின் மேல் மெல்லிய தூரிகையால் எண் எழுதுகிற வேலை அது. மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு செய்ய வேண்டும். இப்படிப்பட்டவள் அப்படிப்பட்டவனை எப்படிக் கட்டினாள் என்று நாங்கள் எல்லோரும் பேசிக்கொண்டோம். அவளையே கேட்டால், நாளெல்லாம் அசையாமல் உட்கார்ந்திருக்கும் தனக்கு, அசைகிற எதையாவது பார்க்க வேண்டும் போலிருந்தது என்று சொல்லிச் சிரிப்பாள். முதல் சில வருஷங்கள் அப்படித்தான் சிரித்தாள்.

ராணிக்கு முடிசூட்டிய பிறகு வந்த வருஷங்களில் அவர்கள் வீட்டு முன்னறைக்குள் இயந்திரம் நுழைந்தது. தென்கரையில் பார்த்ததுபோல ஆள் உயரம் வேண்டாம், மேஜை மேல் வைக்கும்படி, ஒரு ஆபீஸ் வாங்கும்படி ஒன்று செய்துவிடலாம் என்று டோபியஸ் கணக்குப் போட்டான். பகலில் பாதி நேரம் வயிற்றுக்காகக் கடிகாரச் சக்கரம் வெட்டினான், மீதி நேரம் இது. இயந்திரத்தின் பத்துச் சக்கரங்களுக்கும் எண் முகப்புகளைக் கெசையாவே எழுதிக் கொடுத்தாள். முதலில் ஜன்னலோர மேஜை போயிற்று, பிறகு சாப்பாட்டு மேஜை போயிற்று. லேத்துக்கு இடம் வேண்டும் என்று கட்டிலைச் சுவரோடு ஒட்டித் தள்ளினான். ரொட்டியில் பித்தளைத் தூள், தலைமுடியில் பித்தளைத் தூள், போர்வையை உதறினால் ஜன்னல் வெளிச்சத்தில் மினுமினுவென்று தூள் பறக்கும்.

கூட்டல் இயந்திரத்தில் கூட்டுவது பெரிய விஷயமே இல்லை. பத்துச் சக்கரங்கள் வரிசையாக நிற்கின்றன, ஒவ்வொன்றிலும் பூஜ்யத்திலிருந்து ஒன்பது வரை. நாலு பல் தள்ளி, மேலே மூன்று பல் தள்ளினால் ஏழு. அதைக் குழந்தைகூடச் செய்யும். ஒன்பதைத் தாண்டும்போதுதான் வினை. பள்ளிக்கூடத்தில் பூஜ்யம் போட்டு மீதி ஒன்று என்று பக்கத்துக்குக் கொண்டுபோகிறோமே, அந்த மீதி ஒன்றை இங்கே பித்தளை கொண்டுபோக வேண்டும். ஒரு சக்கரம் ஒன்பதிலிருந்து பூஜ்யத்துக்கு வரும்போது, அதில் நீட்டிக்கொண்டிருக்கும் சின்ன விரல் பக்கத்துச் சக்கரத்தை ஒரு பல் தள்ளும். பக்கத்துச் சக்கரமும் ஒன்பதில் நின்றால் அது தன் பக்கத்தைத் தள்ள வேண்டும். பத்திலும் ஒன்பது நிற்கும்போது ஒன்றைக் கூட்டினால், அந்த ஒரே தள்ளல் பத்து வீட்டுக் கதவையும் தட்டிக்கொண்டு கடைசிவரை போக வேண்டும்.

போகவில்லை. மற்ற எந்தக் கணக்கைக் கொடுத்தாலும் இயந்திரம் சமர்த்தாகப் போட்டது. எல்லாம் ஒன்பதாக வைத்து ஒன்றைக் கூட்டினால் மட்டும், ஐந்தாவது சக்கரம் ஒன்பதுக்கும் பூஜ்யத்துக்கும் நடுவில் அந்தரத்தில் நின்றுவிடும்.

காரணம் எங்கள் ஊர்தான். அவன் தன் சக்கரங்களையும் ஊர் முறைப்படியே அச்சு பொருத்தச் சந்து சந்தாக அனுப்பியிருந்தான். கடிகாரத்தில் அச்சின் முனை குழிக்குள் மயிரிழை ஆட்டத்தோடு உட்கார வேண்டும், எண்ணெய்க்கு இடம் வேண்டும். இறுக்கமாகப் பொருத்துகிறவன் இங்கே தலை நிமிர்ந்து நடக்க முடியாது. ஆட்டமே கூடாது என்று ஒவ்வொரு வீட்டிலும் சொல்லித்தான் கொடுத்தான் டோபியஸ். எல்லோரும் தலையாட்டினார்கள். எல்லோரும் அவரவர் மயிரிழையை வைத்தே திருப்பி அனுப்பினார்கள். கடிகாரத்தில் அது தெரியாது. இங்கே ஒன்றின் மயிரிழை அடுத்ததன் மயிரிழையோடு கூடிக் கூடி, ஐந்தாவது வீட்டுக்குப் போகும்போது தள்ளலில் ஒன்றும் மிஞ்சவில்லை.

அச்சு பொருத்துகிறவர்களில் மூத்தவர் ஈனோக். டோபியஸ் முதலில் அவரிடம்தான் போய்ச் சண்டை பிடித்தான். அவர் கண்ணில் மாட்டியிருந்த பூதக்கண்ணாடியைக்கூடக் கழற்றவில்லை.

"நீ ஆயிரம் சொல்லு டோபி. இறுக்கமாப் பொருத்தினது ஈனோக்னு நாளைக்கு ஒருத்தன் சொன்னா, நான் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு பீர் குடிக்கப் போவேன்?"

"இது கடிகாரமே இல்ல, ஐயா."

"கடிகாரம் இல்லேன்னா எங்கிட்ட ஏன் கொண்டாந்த?"

டோபியஸ் சக்கரங்களை வாரிக்கொண்டு கிளம்பினான். வீட்டுக்கு வந்து எல்லா அச்சுகளையும் தானே இறுக்கிப் பொருத்தினான். இப்போது ஆட்டம் போயிற்று, கைப்பிடி நகரவில்லை. பலம் கொண்ட மட்டும் சுற்றியதில் ஒரு பல் வளைந்தது. தளர்த்தினான், ஐந்தில் நின்றது. இறுக்கினான், பல் வளைந்தது. இப்படியே இறுக்குவதும் தளர்த்துவதுமாகக் குளிர்காலம் முழுக்கப் போயிற்று. தெருவில் நடக்கும்போது கை தானாகக் காற்றில் எதையோ திருகிக்கொண்டிருக்கும். வணக்கம் சொன்னால் ஒன்பது என்பான். பிள்ளைகள் பின்னால் கேலி செய்துகொண்டு போனார்கள், அவனுக்கு அது காதிலேயே விழவில்லை.

ஒரு மத்தியானம் சர்ச் கடிகாரம் மணி அடிக்கப் போகும் சமயம், அவன் கோபுரத்தின் கீழே நின்றுகொண்டிருந்தான். அடிப்பதற்குச் சற்று முன்னால் அதற்குள் 'க்ளிக்' என்று ஒரு சத்தம் கேட்கும், கடிகாரக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த சத்தம்தான். சுத்தியலைத் தூக்கித் தயாராக வைத்துக்கொண்டு, நேரம் வந்ததும் லேசாக விட்டுவிடும். டோபியஸ் நடுத்தெருவில் அப்படியே நின்றுவிட்டான், பால்காரி வண்டியை நிறுத்திக்கொண்டு திட்டினாள். பக்கத்து வீட்டுக்காரன் தள்ளுவான் என்று ஒவ்வொரு சக்கரமும் ஏன் காத்திருக்க வேண்டும்? ஒவ்வொன்றுக்கும் சொந்தமாக ஒரு ஸ்பிரிங்கைத் தயாராக வைத்துவிட்டால், பக்கத்துச் சக்கரம் தொட்டால் போதுமே! வீட்டுக்கு ஓடிவந்து, மற்றக் கணக்குகளையெல்லாம் சரியாகப் போட்டுக்கொண்டிருந்த இயந்திரத்தை மொத்தமாகப் பிரித்து மேஜை முழுக்கப் பரப்பினான்.

கெசையா விரல் விட்டு நாள் எண்ண ஆரம்பித்தாள். ஏனென்றால் அவளுடைய அண்ணன் சைலஸ் அதற்கு முந்தின வாரம்தான் வந்துவிட்டுப் போயிருந்தான். கோவன்ட்ரியில் அவனுடைய கடிகாரப் பட்டறையில் டோபியஸுக்குச் சக்கரம் வெட்டுகிறவர்கள் மேல் மேஸ்திரி வேலை, கூடவே தோட்டத்தோடு ஒரு வீடு. மார்ச் மாதத்து மாதா திருநாள் வரைக்கும்தான் இடத்தைப் பிடித்து வைத்திருப்பேன் என்றான். எங்கள் பக்கம் குடி மாறுகிறவர்கள் எல்லோரும் அன்றுதான் மாறுவார்கள். கோவன்ட்ரிக்குப் போனால் இயந்திரம் வரக்கூடாது, அதுவும் சைலஸ் போட்ட நிபந்தனை. மச்சான் மேல் அவனுக்குக் கோபம் இல்லை. தங்கை தலையில் பித்தளைத் தூளைப் பார்த்தவன் வேறு என்ன சொல்வான்?

அன்று சாயங்காலம் கெசையா தூரிகையைக் கழுவி வைத்துவிட்டு வந்து நின்றாள்.

"டோபி, என்னால முடியல. ஒண்ணு இதை யாராவது வாங்கணும். இல்லேன்னா பெட்டியைக் கட்டணும். அண்ணன் இன்னொரு தடவை கேக்க மாட்டான்."

டோபியஸ் சரி என்றான். இந்தத் தடவை நிஜமாகவே காதில் வாங்கிக்கொண்டுதான் சொன்னான். மறுநாளே ஆயுள் காப்பீட்டு ஆபீஸ் ஒன்றின் கணக்கதிகாரி மிஸ்டர் டஃப்னலைத் தேடிப் போனான். இயந்திரத்தைப் பார்க்க அவர் ஒத்துக்கொண்டார். மாதா திருநாளுக்கு இரண்டு நாள் முன்னால் வருவதாகச் சொன்னார். கெசையா நம்பிக்கை இல்லாதவளாகப் பாதிப் பெட்டியைக் கட்டி நடையில் வைத்தாள். ஐயா முன்னால் ஒன்பதுகளை மட்டும் போட மாட்டேன் என்று அவனிடம் வாக்கும் வாங்கிக்கொண்டாள்.

வாக்குக் கொடுத்தபோது அவனுக்கு அது பெரிதாகத் தெரியவில்லை. ஸ்பிரிங்குகள் ஒவ்வொன்றாக ஏறிக்கொண்டிருந்தன, ஆனால் அவற்றை இழுத்துப் பிடித்துத் தயாராக வைக்க வேண்டிய கொக்கிகள் சரியாகப் பிடிக்கவில்லை. அதிகாரி வருவதற்கு முந்தின நாள்வரை பழையபடி ஐந்தில்தான் நின்றது. வருகிற அன்று காலையில், ரொட்டியை வாயில் வைத்துக்கொண்டிருக்கும்போது, கொக்கியைத் தலைகீழாகத் திருப்பி வைத்தால் என்ன என்று தோன்றிவிட்டது. உடனே எழுந்துபோய் அத்தனையையும் திருப்பினான். கடைசித் திருகாணியை இறுக்கும்போது வாசலில் வண்டி நின்றது. போட்டுப் பார்க்க நேரமில்லை.

மிஸ்டர் டஃப்னல் ஜலதோஷத்தோடு வந்த நல்ல மனிதர். மூக்கைத் துடைத்துக்கொண்டே கணக்குகளைச் சொன்னார். டோபியஸ் எண்களை வைத்துச் சுற்றினான். இயந்திரம் கடகடவென்று விடையைக் கொடுத்தது. அவர் ஒவ்வொன்றையும் மனக்கணக்காகப் போட்டுச் சரிபார்த்துத் தலையசைத்தார். அவருடைய குமாஸ்தாக்கள் காலையில் நன்றாகத்தான் கூட்டுவார்களாம், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் தப்பு வருமாம். "இதுக்கு மதியச் சாப்பாடு கிடையாதே" என்று தானே சொல்லித் தானே சிரித்தார். கெசையா கொண்டுவந்த சோம்பு கேக்கை இரண்டாவது தடவையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். தன் ஆபீஸ் இதை எடுத்துக்கொள்ளும் என்றார், இது போல இன்னும் சில செய்து தர முடியுமா என்று கேட்டார். கெசையாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு; அடக்கிக்கொள்ள முடியாமல் சமையலறைப் பக்கம் திரும்பி நின்றாள்.

டோபியஸின் கண் அவர் மேல் இல்லை. இயந்திரத்தின் மேல் இருந்தது. பத்துக் கொக்கிகளும் திரும்பி நிற்கின்றன, பிடிக்குமா பிடிக்காதா தெரியாது. அதிகாரி ஒரு கையுறையை மாட்டினார். டோபியஸ் ஒரு காலை மாற்றி நின்றான். அவர் இரண்டாவது கையுறையை மாட்டினார். அவன் கை கோட்டுப் பைக்குள் போனது, வெளியே வந்தது, மறுபடி உள்ளே போனது.

இதை நேர்மை என்று பிற்பாடு சிலர் சொன்னார்கள். எனக்குச் சிரிப்புத்தான் வரும். நேர்மையாவது மண்ணாவது, அது அரிப்பு. அவர் தெருமுனை தாண்டும்வரை பொறுத்திருந்தால் போதும், கதவைச் சாத்திக்கொண்டு ஆயிரம் தடவை போட்டுப் பார்த்திருக்கலாம். பொறுக்கிற ஜென்மமா அது?

"ஐயா, கொஞ்சம் இருங்க. இன்னொரு கணக்கு இருக்கு" என்றான்.

கெசையா சமையலறை வாசற்படியில் நின்று தலையை ஆட்டினாள். வேண்டாம், வேண்டாம். அவன் பார்க்கவில்லை. ஒவ்வொரு சக்கரமாக ஒன்பதில் கொண்டுவந்து நிறுத்தினான். வரிசையாகப் பத்து ஒன்பதுகள், அவள் கையால் எழுதியவை. ஒன்றை வைத்தான். கைப்பிடியைச் சுற்றினான்.

டக், டக், டக் என்று கேட்டது. பிறகு எங்கோ ஒரு கிறீச்சல். கைப்பிடி நின்றுவிட்டது. அவன் இன்னும் கொஞ்சம் அழுத்தினான், வரவில்லை.

மிஸ்டர் டஃப்னல் குனிந்து பார்த்தார். கோபப்படவில்லை, அதுதான் இன்னும் மோசம்.

"இப்படி ஒரு கணக்கு எத்தனை தரம் வரும்?"

"எப்பவாவதுதான் வரும், ஐயா."

"எப்ப வரும்னு முன்னாடியே சொல்ல முடியுமா?"

"முடியாது."

"எப்ப வரும்னு தெரியாத ஒண்ணை வச்சித்தான் மிஸ்டர் லம்லி, எங்க தொழிலே நடக்குது" என்றார் அவர். சரியானதும் சொல்லி அனுப்பும்படி கேட்டுக்கொண்டார், கேக்குக்காகக் கெசையாவுக்கு நன்றி சொன்னார், தொப்பியை எடுத்துக்கொண்டு படியிறங்கினார். வண்டிச் சத்தம் தெருக்கோடியில் தேய்ந்து மறைந்தது.

டோபியஸ் முகத்தில் ஈயாடவில்லை. வாழ்க்கையிலேயே முதல் தடவையாக அசையாமல் நின்றான். கோவன்ட்ரிதான் என்று அவனே முடிவு கட்டிவிட்டான். சைலஸின் பட்டறையில் காலையிலிருந்து இருட்டும்வரை சக்கரம் எண்ணிக் கொடுத்துக்கொண்டிருக்கும் தன்னை நினைத்துப் பார்த்தான். அவளைத் திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை. மன்னிப்புக் கேட்க என்ன முகம் இருக்கிறது?

கெசையா அவனைத் தாண்டி மேஜைக்குப் போனாள். திட்டப் போகிறாள், அல்லது இயந்திரத்தைத் தூக்கித் தெருவில் போடப் போகிறாள் என்று அவன் நினைத்தான். இரண்டுக்கும் அவளுக்கு உரிமை இருந்தது. அவள் முகப்பு எழுதும்போது குனிவது போலக் குனிந்து, மூச்சை அடக்கிக்கொண்டு, சக்கரங்களை ஒரு கோடியிலிருந்து பார்த்துக்கொண்டு வந்தாள். பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம். விரல் ஓர் இடத்தில் நின்றது.

"டோபி, இங்க வா. நேத்து அஞ்சுலதானே நின்னுச்சு?"

"ஆமா."

"இது ஏழாவது."

அவன் ஒரே தாவலில் மேஜைக்கு வந்தான். ஐந்தும் ஆறும் பூஜ்யத்தில் பாந்தமாக உட்கார்ந்திருந்தன. ஏழு மட்டும் அந்தரத்தில் நின்றது. ஏழின் கொக்கியை அவன் அவசரத்தில் சரியாகத் திருகாமல் விட்டிருந்தான், அவ்வளவுதான். கொக்கி பிடிக்கிறது! இரண்டு பேரும் தலையோடு தலை முட்டக் குனிந்து, அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பிறகு கெசையா நிமிர்ந்து ஜன்னலைப் பார்த்தாள். நடையில் இருந்த பெட்டியைப் பார்த்தாள். தோட்டம் வைத்த அந்த வீட்டை அவள் ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வந்தவள். சுத்தமான மேஜை போட ஜன்னலோரமாக ஓர் இடத்தைக்கூட மனதில் குறித்து வைத்திருந்தாள். பெருமூச்சு விட்டாள்.

"இடத்தை வேற யாருக்காவது குடுத்துடச் சொல்லி அண்ணனுக்கு எழுதணும். நீ எழுதறியா, நான் எழுதட்டுமா?"

டோபியஸுக்கு அது காதில் விழவில்லை. ஏழாவதன் தகட்டைக் கழற்றிக்கொண்டிருந்தான். பதிலுக்காக அவள் கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள், பிறகு தானே உட்கார்ந்து எழுதினாள்.